பைன் பிசினா, பிர்ச் கீலா, வச்சிரமா?

மரத்திலிருந்து வடிவது எல்லாவற்றையும் நாம் பிசின் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் வேலம் பிசின் தண்ணீரில் கரையும். பைன் பிசினும் குங்கிலியமும் கரையாது, சூட்டில்தான் இளகும். காகிதம் ஒட்ட முதல் வகை போதும். கத்தி அலகைக் கைப்பிடியில் இருத்த வேண்டும், அது ஈரத்தையும் தாங்க வேண்டும் என்றால் இரண்டாவது வகைக்குத்தான் போக வேண்டும்.

அந்த வகையில் எளிதில் செய்யக்கூடியது பைன் பிசின் பசை. மரம் தன் காயத்தை மூடத்தான் பிசினை வடிக்கிறது. அதனால் புதிதாக வெட்ட வேண்டாம். பழைய காயங்களில் வடிந்து இறுகிய கட்டிகளில் கொஞ்சம் சுரண்டினாலே போதும். மெல்லிய சூட்டில் உருக்கி, பட்டைத் துணுக்குகளை வடிகட்டிவிட வேண்டும். இந்தப் பிசினைத் தனியாக ஆறவிட்டால் கண்ணாடி மாதிரிதான், ஒரு தட்டு தட்டினால் சில்லுச் சில்லாகப் போய்விடும். அதற்காகத்தான் சலித்த கரித்தூளும் தேன்மெழுகும். மூன்று பங்கு பிசினுக்கு ஒரு பங்கு கரித்தூள், அப்புறம் கொஞ்சம் மெழுகு என்று நான் தொடங்குவேன். பிசினுக்குப் பிசின் குணம் மாறும், ஆகவே அளவை நம்புவதைவிடக் குச்சியை நம்பலாம். கலவையில் ஒரு குச்சியை முக்கி, தண்ணீரில் ஆற்றி, நகத்தால் அழுத்துங்கள். நகம் ஆழமாகப் பதிந்தால் மெழுகு கூடிவிட்டது. பொடிந்து உதிர்ந்தால் மெழுகு போதவில்லை, அல்லது கரி அதிகம்.

இதில் பெரும்பாலும் கெடுவது சூட்டில்தான். கொதிக்கவிட்டால் பிசினிலுள்ள டர்பன்டைன் ஆவியாகி, மிஞ்சுவது நொறுங்கும். அந்த ஆவி தீப்பிடிக்கவும் செய்யும். திறந்த வெளியில், மூடியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் உருக்க வேண்டும். சூடான பசை தோலில் பட்டால் உதற முடியாது, ஒட்டிக்கொண்டே சுடும்.

பிர்ச் கீல் வேறு கதை. அது வடியும் பிசின் அல்ல. பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சுட்டால், கீழே வைத்த கலத்தில் கறுப்பாக இறங்குவதுதான் கீல். அதை மேலும் காய்ச்சிக் கெட்டியாக்க வேண்டும். இத்தாலியில் காம்பிதெல்லோ என்ற இடத்தில் கிடைத்த கற்கருவிகளில் ஒட்டியிருந்த கீலுக்குச் சுமார் 2,00,000 வயது. நியாண்டர்தால் மனிதர்களின் வேலை அது. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுப் பழமையான ஓட்ஸி மனிதனின் கோடரியிலும் அம்புகளிலும் இதே கீல்தான். தரத்தில் பைன் கலவை இதற்கு ஈடாகாது. கீல் அடியைத் தாங்கும், அவ்வளவு எளிதில் நொறுங்காது. ஆனால் கூடை நிறையப் பட்டையும் நிறைய விறகும் செலவழித்தாலும் கையில் சேர்வது ஒரு சிறு உருண்டை. பிர்ச் காடு அருகில் இல்லாதவர் இதைத் தேடி அலைய வேண்டாம் என்பேன்.

வச்சிரம் மரத்திலிருந்து வருவதே அல்ல, விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. இருந்தாலும் மரத்தோடு மரத்தை ஒட்ட இந்த மூன்றில் அதுதான் சிறந்தது. ஊறவைத்து, 60 டிகிரி அளவில் இளக்கிப் பூசி இறுகக் கட்டினால் போதும். ஈரம் மட்டும் ஆகாது.

பைன் பசைக்கு எதிரி வெயில். நான் கைப்பிடி போட்ட உளி ஒன்றை ஒரு நாள் வெயிலில் விட்டுவிட்டேன். மாலையில் பார்த்தால் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து பசைக்கு மேல் நார்க்கயிறும் சுற்றாமல் விடுவதில்லை. சரிசெய்வதும் எளிதாகத்தான் இருந்தது: சூடுகாட்டி, அலகை நிமிர்த்தி, விரலை நனைத்துக்கொண்டு பசையை அழுத்தினேன். ஈர விரலில் அது ஒட்டாது. மிச்சப் பசையைக் குச்சி நுனியில் உருட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வேலைக்குக் கங்கில் காட்டினால் இளகிவிடும்.