பதினான்கு ஆண்டு, ஒரே அணி, அதே அறுபதாவது நிமிடம்

ஒரு கால்பந்து அணியைப் பதினான்கு ஆண்டுகளாக விடாமல் பார்த்துவருகிறேன். எந்த அணி என்று சொல்லவில்லை. குறை சொல்லப்போகிறேன், சம்பந்தப்பட்டவர்கள் பதில் சொல்லும் இடம் இதுவல்ல. இதுவரை ஐந்து பயிற்சியாளர்கள் வந்துபோய்விட்டார்கள், இப்போது இருப்பவர் ஆறாவது ஆள். மூன்றாவது சீசனிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எதிரணி, ஸ்கோர், யாரை எடுத்து யாரை இறக்கினார்கள், எத்தனையாவது நிமிடத்தில், இவ்வளவுதான் அதில் இருக்கும். எனக்குப் புரியாத மாற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

தோல்வி பழகிவிட்டது. எதிரணி நம்மைவிட நன்றாக ஆடி ஜெயித்தால் அன்று ராத்திரி வலிக்கும், காலையில் ஆறிவிடும். போஸ்டில் பட்டுத் திரும்பிய பந்தும் நடுவர் கவனிக்காமல் விட்ட ஃபவுலும் ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தை பெஞ்சில் இருக்கும் நம் பயிற்சியாளரே பயந்து கைவிட்ட நாட்கள் மட்டும் மனத்தை விட்டுப் போவதில்லை. நோட்டைப் புரட்டினால் அந்தப் பக்கங்களில் எல்லாம் கேள்விக்குறி அறுபதாவது நிமிடத்துக்கும் எழுபதாவது நிமிடத்துக்கும் நடுவில்தான் விழுந்திருக்கிறது.

ஓர் ஆட்டத்தை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தோம். எங்கள் பத்தாம் நம்பர் ஆட்டக்காரர் அன்று பிரமாதம். இரண்டு பேர் மேலே விழுந்தாலும் பந்தைக் காலடியில் பிடித்து, திரும்பி, விங்குக்குத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எதிரணியின் இரண்டு ஃபுல்பேக்குகளும், அதாவது ஓரத் தடுப்பாட்டக்காரர்களும், அவருக்குப் பயந்து சொந்தப் பாதியைத் தாண்டவில்லை. அறுபத்திரண்டாவது நிமிடத்தில் என் தம்பி, "அக்கா, போர்டு தூக்கிட்டாங்க பாரு" என்றான். பலகையில் சிவப்பில் பத்து என்று எரிந்தது. உள்ளே வந்தவர் மூன்றாவது ஸ்டாப்பர், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்.

"காயமா அவருக்கு?"

"இல்லக்கா. நல்லா நடந்துதான் போறாரு. பாட்டிலைத் தூக்கி எறியறாரு பாரு."

அதற்குப் பிறகு நடந்ததை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நாங்கள் அடித்து வெளியேற்றிய ஒவ்வொரு பந்தும் பத்து விநாடியில் திரும்பி வந்தது, முன்னால் அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. எதிரணி ஃபுல்பேக்குகளுக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது, இருவரும் மேலே ஏறி கிராஸ் மேல் கிராஸாகப் போட்டார்கள். எங்கள் ஐந்து தடுப்பாட்டக்காரர்களும் பாக்ஸுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். எழுபத்தெட்டில் கார்னரிலிருந்து ஒரு கோல். எண்பத்தாறில் பாக்ஸுக்கு வெளியே தனியாக நின்ற ஒருவர் நிதானமாகக் கட்டுப்படுத்தி அடித்தார். அந்த இடத்தில் ஒரு மிட்ஃபீல்டர் நின்றிருக்க வேண்டும். எல்லோரும் பின்னால் போய்விட்டதால் அங்கே யாருமில்லை. இஞ்சுரி டைமில் மூன்றாவது. தம்பி டிவியை அணைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டான். நான் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்னிலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் காப்பது என்றால் பின்னால் ஆளைச் சேர்ப்பது என்று மட்டும் ஏன் புரிந்துகொள்கிறார்கள்? பந்து நம் காலில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எதிரணி கோல் போட முடியாத நிமிடம். பந்தை வைத்திருக்கத் தெரிந்தவனை வெளியே எடுத்தால் பாதுகாப்பையே வெளியே எடுத்த மாதிரிதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்தாறு சீசன் ஆனது. சம்பளம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவ்வளவு காலம் ஆகலாமா?

பெரிய மேடையிலும் இது நடந்திருக்கிறது. 2006 உலகக் கோப்பைக் காலிறுதி, பெர்லினில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். அயாலாவின் தலைமுட்டல் கோலால் அர்ஜென்டினா முன்னிலை. எழுபத்திரண்டாவது நிமிடத்தில் ஆட்டத்தின் மையமாக இருந்த ரிக்கெல்மேயை எடுத்துவிட்டு காம்பியாஸோவை இறக்கினார் பயிற்சியாளர் பெக்கர்மான். எழுபத்தொன்பதில் கிரெஸ்போவுக்குப் பதில் குரூஸ். அடுத்த நிமிடமே ஜெர்மனியின் குளோஸே தலையால் முட்டிச் சமன் செய்தார். அர்ஜென்டினா கோல்கீப்பர் அபொண்டான்சியேரி ஏற்கெனவே காயத்தால் வெளியேறியிருந்ததால் அன்று அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றங்களும் தீர்ந்துவிட்டன. பத்தொன்பது வயது மெஸ்ஸி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பெனால்டியில் 4-2 என்று தோற்றார்கள். ஜெர்மனி கோல்கீப்பர் லேமன் தடுத்த கடைசி உதை காம்பியாஸோவுடையது. இந்த ஆட்டத்தைப் பிற்பாடுதான் பதிவில் பார்த்தேன். முடிவு தெரிந்தும் ரிக்கெல்மே வெளியே நடந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் முதுகில் இருந்ததும் பத்து.

என் கோபத்தின் இரண்டாவது பகுதி, ஆட்களை அவர்களுக்கு உரிய இடத்தில் நிறுத்தாதது. எங்கள் மூன்றாவது பயிற்சியாளருக்கு இது ஒரு வியாதி போலவே இருந்தது. சாதாரண ஆட்டங்களில் ஒழுங்காக இருப்பார். பெரிய ஆட்டம் வந்தால் எதிரணியை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று தோன்றிவிடும். விங்கர் ஃபுல்பேக்காக இறங்குவார், மிட்ஃபீல்டர் ஸ்டாப்பராக நிற்பார். ஆச்சரியப்பட்டது ஒவ்வொரு முறையும் எங்கள் ஆட்கள்தான்.

அதில் ஒன்றை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அகாடமியிலிருந்து வந்த பையன், வயது பத்தொன்பது, வலது காலால் ஆடுபவன். அவனுடைய முதல் ஆட்டத்திலேயே இடது ஃபுல்பேக்காக நிறுத்தினார்கள், அதுவும் லீக்கிலேயே வேகமான விங்கருக்கு எதிராக. பந்து வரும்போதெல்லாம் அவன் வலது காலுக்கு மாற்றிக்கொள்ள உள்ளே திரும்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு விநாடிக்காகவே எதிரணி காத்திருந்தது. உதவிக்கு முன்னால் நின்ற விங்கர் பின்னால் இறங்கி வரவே இல்லை. இரண்டு கோல் அந்தப் பக்கத்திலிருந்து போனது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து சட்டையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டான், கேமரா அவனை விடவே இல்லை. ஆட்டம் முடிந்து பேசிய பயிற்சியாளர், பையன் இன்னும் தயாராக இல்லை என்றார். தயாராக இல்லாதவனை அந்த இடத்தில் இறக்கியது யார்? அந்தப் பக்கத்தில் எத்தனை கேள்விக்குறி போட்டேன் என்று எண்ணவில்லை, பேனா தாளைக் கிழித்துவிட்டது.

பெரிய பயிற்சியாளர்களும் இப்படிச் சறுக்குவார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் கார்டியோலா தடுப்பு மிட்ஃபீல்டர்களான ரோட்ரி, ஃபெர்னாண்டினோ இருவரையும் பெஞ்சில் வைத்துவிட்டுத் தடுப்பு மிட்ஃபீல்டரே இல்லாமல் மான்செஸ்டர் சிட்டியை இறக்கினார். செல்ஸியின் மேசன் மவுண்ட் நடுவழியாகத் தட்டிவிட்ட பந்தில் ஹாவெர்ட்ஸ் அடித்தார், செல்ஸி 1-0 என்று கோப்பையைக் கொண்டுபோனது. ஆனால் 2023இல் அதே இறுதிக்குத் திரும்பி வந்தபோது ரோட்ரி முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார். இன்டர் மிலானுக்கு எதிரான அந்த ஒரே கோலையும் அவரே போட்டார். பிழை எல்லோரும் செய்வார்கள், நான் கேட்பது அடுத்த முறையாவது அதைத் திருத்துங்கள் என்பதுதான். எங்கள் அணியில் ஆள் மாறியது, பிழை மாறவில்லை.

மாற்று ஆட்டக்காரர்கள் விஷயத்தில் சாக்குச் சொல்லவும் இப்போது இடமில்லை. 2020இல் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்ற விதியை 2022இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவே மூன்று முறைதான் நிறுத்தி மாற்றலாம், இடைவேளையில் மாற்றினால் அது அந்தக் கணக்கில் வராது. அதாவது இடைவேளை மாற்றம் ஓர் இலவச வாய்ப்பு. எங்கள் பெஞ்ச் அதைத் தொட்டதாக என் நோட்டில் மிக அரிதாகத்தான் பதிவாகியிருக்கிறது. முதல் பாதி முழுக்க நடுக்களம் கிழிந்து தொங்கும். இடைவேளை முடிந்து அதே பதினொரு பேர் வெளியே வருவார்கள். எழுபதுக்கு மேல், இரண்டு கோல் பின்தங்கிய பிறகு, மூன்று பேரை ஒன்றாக இறக்குவார்கள்.

2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியைப் பாருங்கள். லிவர்பூல் இடைவேளைக்கு 3-0 என்று பின்தங்கிப் போனது. தடுப்பாட்டத்துக்கு முன்னால் திறந்து கிடந்த வெளியில் எதிரணியான ஏசி மிலானின் ஆட்டக்காரர் காக்கா இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். லிவர்பூல் பயிற்சியாளர் பெனிட்டெஸ் காத்திருக்கவில்லை. காயம்பட்ட ஃபின்னனை எடுத்துவிட்டு ஹாமானை இறக்கி அந்த வெளியை அடைத்தார், பின்வரிசையை மூவராக்கினார், ஜெரார்டுக்கு மேலே போக வழி கிடைத்தது. ஐம்பத்து நான்காவது நிமிடத்திலிருந்து ஆறே நிமிடத்தில் மூன்று கோல், கடைசியில் பெனால்டியில் கோப்பை. அன்று லிவர்பூலுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை எங்கே என்று பார்த்து உடனே கை வைத்த பிறகுதான் அந்த அதிர்ஷ்டம் வேலை செய்தது.

முதல் சில சீசன்களில் நான் ஸ்கோரை வைத்தே பயிற்சியாளரை எடைபோட்டேன். ஜெயித்தால் மேதை, தோற்றால் உதவாக்கரை. அது தப்பு என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, பெனால்டிக்கு முன் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் பயிற்சியாளர் வான் கால், கோல்கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் குரூலை இறக்கினார். குரூல் ஐந்து உதைக்கும் சரியான பக்கம் பாய்ந்து இரண்டைத் தடுத்தார். அது முன்பே யோசித்து, அதற்காகவே ஒரு மாற்றத்தை மிச்சம் வைத்துச் செய்த காரியம். குரூல் ஒன்றைக்கூடத் தடுக்காமல் போயிருந்தாலும் அந்த முடிவுக்கு என் நோட்டில் கேள்விக்குறி விழுந்திருக்காது.

நான் அநியாயமாகப் பேசியதும் உண்டு. எங்கள் ஸ்ட்ரைக்கரைத் தொடர்ந்து ஐந்து ஆட்டம் பாதியில் எடுத்தார் நாலாவது பயிற்சியாளர். கண்டபடி திட்டினேன். சீசன் முடிந்த பிறகுதான் அந்த ஸ்ட்ரைக்கருக்குத் தொடைத் தசையில் நாள்பட்ட காயம் இருந்தது வெளியே வந்தது. அறுபது நிமிடத்துக்கு மேல் அவரை ஆடவிட்டிருந்தால் வருஷம் முழுக்கப் படுத்திருப்பார். அந்த ஐந்து பக்கத்தையும் எடுத்துக் கேள்விக்குறிகளை அடித்தேன். தினசரிப் பயிற்சியில் அவர்கள் பார்ப்பதில் நூறில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது.

அதனால்தான் தோற்றவுடன் ஆளை மாற்று என்று கத்தும் கூட்டத்தில் இப்போது நான் சேர்வதில்லை. 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பயிற்சியாளராக வந்த ஃபெர்குஸனுக்கு முதல் கோப்பை 1990இல்தான் கிடைத்தது. பொறுமை காத்தார்கள், அதற்குப் பலனும் கிடைத்தது. எங்கள் இரண்டாவது பயிற்சியாளருக்கு எட்டு மாதம்கூடக் கொடுக்கவில்லை. எங்களுக்கு வந்தவர்களில் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அணியை எந்தப் பக்கம் கொண்டுபோகிறார் என்பது தெரிந்தது அவர் ஒருவரிடம்தான். அவரை அனுப்பியது எந்த மோசமான மாற்றத்தையும்விடப் பெரிய தவறு. அதைச் செய்தது பெஞ்ச் அல்ல, நிர்வாகம்.

புதிதாக ஓர் அணியைப் பின்தொடரத் தொடங்கியவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்வேன். முன்னிலை கிடைத்த பிறகு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் அணியின் பின்வரிசைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மட்டும் பாருங்கள். அது நீண்டுகொண்டே போனால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் ஆட்டம் கை நழுவத் தொடங்கிவிட்டது.

போன மாதம் 3-2 என்று தோற்றோம். இடைவேளையிலேயே இரண்டு மாற்றம். ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் புதிய பயிற்சியாளர் பின்வாங்கவில்லை, விங்கரை எடுத்து இன்னொரு விங்கரையே இறக்கினார். எதிரணி நிஜமாகவே அருமையான இரண்டு கோல் போட்டது.

"என்னக்கா, தோத்துட்டோம், ஒண்ணுமே திட்டலையே?" என்றான் தம்பி.

"திட்ட என்ன இருக்கு? ஆடினாங்க."

ஸ்கோரையும் நிமிடங்களையும் எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கமும் வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு இடது ஃபுல்பேக் தடையில் இருக்கிறார். முதல் ஆட்டத்தில் முப்பத்தைந்து நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்ட அந்தப் பையன் இப்போது வலது பக்கத்தில் நிலைத்து ஆடுகிறான். அவனை இடது பக்கத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று இரண்டு நாளாக மனம் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.