‘கண்டோன்’ என்ற வினைச்சொல்: ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி பற்றிய ஒரு மதிப்புரை

ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஒன்றின் தரத்தை அறிய விரும்புபவர், பொருள்களின் பெயர்களைத் தேடிப் பார்ப்பதைவிட, மனிதர் செயலைச் சரி தவறு என்று எடைபோடும் வினைச்சொற்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. மேசைக்கும் மரத்துக்கும் எந்த அகராதியும் சரியான பொருளைத் தந்துவிடும். ‘கண்டோன்’ (condone) போன்ற ஓர் ஆங்கில வினைக்குப் பொருள் எழுதும்போதுதான் அகராதிக்காரரின் உழைப்பு வெளிப்படும். ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி’யை, 2020இல் வந்த பத்தாம் பதிப்பின் காலத்து இணைய வடிவத்தில், இந்த ஒரு சொல்லை முன்வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

இந்தச் சொல் தமிழருக்குத் தனியொரு இடர்ப்பாட்டைத் தருகிறது. அதன் ஒலி நம் காதில் ‘கண்டனம்’ என்ற சொல்லை நினைவூட்டுகிறது. ஆங்கிலத்திலேயே கண்டிப்பதைக் குறிக்கும் ‘கண்டெம்’ (condemn) என்ற வினையும் அதே ஒலியில் தொடங்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, பொருளை நேர் எதிர்த்திசைக்கு இழுத்துவிடுகின்றன. ‘கண்டோன்’ என்பது கண்டிப்பது அன்று; கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காமல் விடுவது. தமிழில் கண்டவன் என்று பொருள்படும் ‘கண்டோன்’ என்ற வடிவத்தோடு சேர்த்து, ‘கண்டும் காணாதவன்’ என்று மாணவர்களுக்கு நினைவில் பதியவைக்கலாம். சொற்பிறப்பில் இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு தரும் விளக்கத்தின் சாரம் இது: ஒழுக்க நெறிப்படி தவறான நடத்தையை ஏற்றுக்கொள்வது, அல்லது அது பெரிய தவறே அல்ல என்பதுபோல நடத்துவது. இதன் இரண்டாம் பாதியே இந்த அகராதியின் சிறப்பு என்று கருதுகிறேன். தவறைத் தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பது ஒன்று. தவறின் கனத்தையே குறைத்துக் காட்டுவது வேறொன்று. ‘கண்டோன்’ இரண்டாவதைச் சேர்ந்தது. ஆகவே இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினை, தவறு செய்தவரைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும், அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவரைப் பற்றியே அதிகம் பேசுகிறது. ஒருவர் ஒரு செயலை ‘கண்டோன்’ செய்கிறார் என்று சொன்னால், அது அவருடைய பெருந்தன்மைக்குப் பாராட்டு ஆகாது. அவர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு ஆகும்.

தமிழில் ‘மன்னி’, ‘பொறுத்துக்கொள்’ என்று மட்டும் பொருள் எழுதிவைத்துப் படிப்பவருக்கு இந்த நுட்பம் எட்டுவதில்லை. நம் மொழியில் பொறுத்தல் ஓர் அறம். திருக்குறளில் பொறையுடைமைக்குத் தனி அதிகாரமே உண்டு. அந்த உயர்ந்த சொல்லை இந்த வினையின்மேல் ஏற்றினால், பழிக்க வந்த வாக்கியம் புகழ்மொழியாகிவிடும். எதிர்மறை வடிவத்திலோ வேறொரு பிழை நேர்கிறது. “நாங்கள் வன்முறையைக் கண்டோன் செய்வதில்லை” என்று ஓர் அமைப்பு ஆங்கிலத்தில் அறிக்கை விட்டால், வன்முறையை நாங்கள் ஏற்கவில்லை, அதற்கு நியாயம் கற்பிக்கவில்லை என்பதே அதன் கருத்து. அதை “வன்முறையைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம்” என்று தமிழாக்கினால், நிலைப்பாட்டைத் தெரிவிக்கும் வாக்கியம் எச்சரிக்கையாக மாறிவிடுகிறது. செய்தி மொழிபெயர்ப்பில் இது சிறிய பிழை அன்று.

எடுத்துக்காட்டு வாக்கியங்களும் பயனுள்ளவையே. பயங்கரவாதத்தை ஒருபோதும் ‘கண்டோன்’ செய்ய இயலாது என்பது முதன்மையான எடுத்துக்காட்டு. இந்த வினை எதிர்மறையோடு சேர்ந்து வருவதே வழக்கத்தில் மிகுதி என்பதை அது தானாகவே உணர்த்திவிடுகிறது. சொல்லின் வாக்கிய அமைப்பையும் அகராதி காட்டுகிறது: செயப்படுபொருளாக வருவது செயலே தவிர ஆள் அன்று. ஒருவரை மன்னிக்கலாம், ஒருவரை ‘கண்டோன்’ செய்ய முடியாது, அவர் செய்ததைத்தான் செய்ய முடியும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து, தோழர்கள் இருவருடன் சேர்ந்து உருவாக்கி, 1942இல் டோக்கியோவில் முதலில் வெளியிட்ட அகராதியின் வழிவந்தது இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் எங்கே தடுமாறுவார் என்ற அக்கறை அந்த நாளிலிருந்தே இதில் தொடர்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது குறை இந்திய வாசகருக்குப் பெரியது. நம்மில் பலர் இந்தச் சொல்லை முதலில் சந்திப்பது கல்லூரி அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோதான். வருகைப்பதிவு குறைந்த மாணவர் ‘கண்டோனேஷன்’ கட்டணம் கட்டித் தேர்வு எழுதுகிறார். மேல்முறையீட்டுக்கான கெடு கடந்துவிட்டால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ், தாமதத்தை ‘கண்டோன்’ செய்யுமாறு வழக்கறிஞர் மனுப் போடுகிறார். இங்கே பழிச்சொல்லின் நிழல்கூட இல்லை. தக்க காரணம் காட்டினால் கிடைக்கும் சலுகை மட்டுமே இருக்கிறது. அகராதியின் ஒற்றை விளக்கத்தை நம்பிச் செல்பவர், தாமதம் எப்படி ஒழுக்கக்கேடாகும் என்று குழம்பத்தான் செய்வார். இத்தனை கோடி இந்தியர் பயன்படுத்தும் ஆங்கிலத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாவதாக, சொல்லின் தோற்றத்தைத் தரும் குறிப்பு, தண்டிக்காமல் விடுதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் மணமுறிவைத் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துக் குடிமை நீதிமன்றத்திடம் கொடுத்த 1857ஆம் ஆண்டுச் சட்டம், இந்தச் சொல் பரவியதில் பெரும்பங்கு வகித்தது. துணையின் பிறழ்வை அறிந்த பிறகும் அதைப் பொறுத்து, மீண்டும் இணைந்து வாழ்ந்தவர் அதையே காரணம் காட்டி விலக்குக் கேட்க முடியாது என்பது அச்சட்டத்தில் இந்தச் சொல்லின் உட்பொருள். நமது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் இந்தக் கருத்து இடம்பெறுகிறது. அங்கே ‘கனைவ்’ (connive), ‘கண்டோன்’ என்ற இரு வினைகளும் அடுத்தடுத்து வருகின்றன: முன்னது செயல் நடக்குமுன்பே உடன்பட்டு இடங்கொடுப்பது, பின்னது நடந்த பிறகு பொறுத்துக்கொள்வது. 1975இல் தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம், மன்னிப்பதோடு பழைய நிலையில் மீண்டும் சேர்த்துக்கொள்வதும் இருந்தால்தான் அது ‘கண்டோனேஷன்’ ஆகும் என்றும், தவறு மறுபடி நிகழாது என்ற நிபந்தனை அதில் அடங்கியிருக்கிறது என்றும் விளக்கியது. மாணவர் அகராதியில் இவ்வளவும் வேண்டும் என்று கேட்கவில்லை. ‘சட்டம்’ என்ற ஒரு குறிப்பாவது இருந்திருக்கலாம்.

ஒத்த சொற்களை ஒப்பிட்டு வேறுபடுத்தும் பகுதி இந்த வினைக்கு இல்லாததும் குறையே. அதற்கு அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அது மன்னித்தலோடு தொடர்புள்ள நான்கு வினைகளை ஒரே இடத்தில் வைத்து, நெறியையோ சட்டத்தையோ கடுமையாக மீறிய நடத்தையைக் கண்டனமின்றி விட்டுவிடுவதே ‘கண்டோன்’ என்று பிரித்துக் காட்டுகிறது.

பள்ளி, கல்லூரி மாணவருக்கும் செய்தி மொழிபெயர்ப்பாளருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இணையத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளின் ஒலிப்பதிவோடு கட்டணமின்றியே பார்க்கலாம். நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் மட்டும் இதோடு ஒரு சட்ட அகராதியையும் வைத்துக்கொள்ள வேண்டும். மனுவில் ‘தாமதத்தை மன்னித்தல்’ என்பது சரியான தமிழே, அறிக்கையில் ‘வன்முறையை மன்னிப்பதில்லை’ என்பதுதான் தவறானது.