மின்மைப் பலகையில் ஓராண்டு

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதிலிருந்தே கையில் கிடைத்த தாளையெல்லாம் வாசித்தவன் நான். பதின்வயதில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதி, யாரும் பார்ப்பதற்குள் கிழித்துப் போட்டதும் உண்டு. வேலைக்குப் போன பிறகு இரண்டும் நின்றுபோயின. அவற்றை மீட்கும் ஆசையில்தான், பேனாவால் எழுதவும் வசதியுள்ள இந்த மின்மைப் பலகையை, அதாவது மின்மைத் (e-ink) திரை கொண்ட மின்னூல் கருவியை, வாங்கினேன்.

வாசிப்பதற்குக் குறையே இல்லை. திரைக்குள் இருக்கும் நுண்ணிய கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்தால் இடம் மாறி எழுத்துகளாக நிற்கின்றன என்பதால், திரைக்கு ஒளியூட்டும் முன்விளக்கை அணைத்துவிட்டால் பக்கம் திரும்பும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் 'ஞ', 'ணை' ஆகியவற்றின் சுழிகள்கூட அச்சில் உள்ளதுபோலவே தெரிகின்றன.

எழுதுவதில்தான் மனத்தாங்கல். பேனாமுனை உரசும் ஓசை தாளை நினைவூட்டினாலும், கையெழுத்தைத் தட்டச்சாக மாற்றும் வசதி கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் கோடுகளாக எடுத்துக்கொண்டு, 'கொடி' என்று எழுதினால் வேறெதையோ காட்டுகிறது. முனையும் சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. அடித்தல் திருத்தல்களின் தடமே இல்லாமல் பக்கம் துப்புரவாகிவிடுவது எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனாலும் பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் கிழிக்காமல் வைத்திருக்கும் முதல் சிறுகதை இதில்தான் இருக்கிறது.