மட்டக்களப்பில் இரவலுக்கு எடுத்த காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும்

நோயாளிச் சாமான்களை இரவல் தரும் இந்த இடத்தின் பெயரைப் போட்டால் நாளைக்கே கையில் உள்ள சாமான்களைவிட இரண்டு மடங்கு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று அவர்களே சொன்னதால் பெயர் எழுதவில்லை. டவுனில் சின்ன இடம்தான். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கும் நடக்க ஏலாதவர்களுக்கும் சக்கர நாற்காலி, காற்று மெத்தை, இருந்தபடியே மலசலம் கழிக்கிற கொமட் கதிரை எல்லாம் இரவலாகத் தருகிறார்கள். வாடகை கிடையாது. கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம் போதும். போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்துபோகிற அம்பாறைப் பக்கத்து ஆட்களும் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போவதைக் கண்டேன்.

நாங்கள் போனது பெரியம்மாவுக்காக. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

முதலில் மெத்தை. இதற்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன். உள்ளே குழாய் குழாயாக அறைகள் இருக்கின்றன, சின்னப் பம்ப் ஒன்று சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வரிசைக்குக் காற்றை ஏற்றி அடுத்த வரிசையில் இறக்கும், அதனால் உடம்பின் ஒரே இடம் நெடுக அழுத்துப்படாது, படுக்கைப் புண் வருவது குறையும். ஆனால் மெத்தை இருக்கிறதுதானே என்று ஆளைத் திருப்பிப் படுக்க வைக்காமல் விடக்கூடாது என்பதை அங்கே இருந்த தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். "அக்கா, இடுப்புக்கு நேரே மெத்தைக்குக் கீழ கையை விட்டுப் பாருங்க, எலும்பு கையில முட்டினா காத்துக் காணாது" என்று செய்தும் காட்டினார். காசு கொடுத்து வாங்கினாலும் இப்படிச் சொல்லித் தர எந்தக் கடையிலும் ஆள் இல்லை. கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும், ஆகவே கீழே ஒரு ஸ்பொஞ்ச் மெத்தையும் போட்டுவையுங்கள் என்றதும் அவர்தான். பம்ப் இரவில் ர்ர் என்று இரையும், பழகிவிடும்.

நாற்காலிதான் சிக்கல். ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுகிற மாதிரியான அகலமான மடிப்பு நாற்காலி, பெரியம்மாவோ ஒல்லி, ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து போனார், தலையணை அடைத்துத்தான் இருத்தினோம். நாற்காலி ஆளின் அளவுக்குப் பொருந்த வேண்டும், இருக்கையில் நல்ல குஷன் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. இங்கே இருப்பதில் ஒன்றைத்தான் தூக்கித் தர முடிகிறது. அதிலும் எங்கள் கல்லடிப் பக்கத்து மணலில் முன்சில்லு இரண்டும் புதைந்துவிடும். முன்னால் தள்ளாதீர்கள், திருப்பிவைத்துப் பின்பக்கமாக இழுங்கள், சுகமாக வரும். எங்களுக்குக் கிடைத்ததில் இடப்பக்கப் பிரேக் வேறு பிடிக்கவில்லை, கட்டிலில் இருந்து மாற்றும்போது ஒருவர் நாற்காலியை அமத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏன் திருத்தவில்லை என்று கேட்டால் பின்னறையைக் காட்டுகிறார்கள். பழுதான நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. சிலதுக்கு ரியூப் இல்லை, சிலதுக்குப் பெயாரிங் போய்விட்டது, சிலது எங்கேயோ இருந்து கப்பலில் வந்தவை, அந்த அளவு டயர் எங்கள் சைக்கிள் கடைகளில் கிடையாது. புதுசு கொடுக்க ஆள் இருக்கிறது, பனர் கட்டிப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். பழசுக்கு ரியூப் வாங்கிக் கொடுத்தால் படத்தில் விழாதே! எனக்கு இதில் உண்மையாகவே கோபம். பராமரிப்பு இல்லங்களுக்கும் இதே கதைதான், பிறந்தநாள், 31ஆம் நாள், ஆண்டுத் திவசம் என்று ஒரே நாளில் இரண்டு மூன்று இடத்துச் சோற்றுப் பார்சல் வந்து குவியும், பம்பஸ் வாங்கவும் கரண்ட் பில் கட்டவும் காசு இருக்காது.

ஆகவே சுவிஸ், கனடாவில் இருந்து இதை வாசிக்கிறவர்களும் சேர்த்துக் கேளுங்கள்: இப்படியான இடத்துக்கு உதவ நினைத்தால் முதலில் போன் எடுத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். திருத்த வேலைக்கு மாதாமாதம் சின்னத் தொகை அனுப்பினால் அந்தப் பின்னறையில் பாதி வெளியே வந்துவிடும். பற்றுச்சீட்டு ஒழுங்காகத் தருகிறார்கள், நான் உண்டியலில் போடாமல் மேசையில் கொடுத்ததற்கும் எழுதித் தந்தார்கள்.

இன்னொரு குறை, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. டவுன் ஆட்களுக்குப் பரவாயில்லை. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்து வருகிறவர்களின் பாடுதான் பாவம், மண்டூர்ப் பக்கத்து ஆள் குருமண்வெளியில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் ஓட்டோ பிடித்துச் சுற்றிப் போக வேண்டும், இரவல் சாமானுக்கு அவ்வளவு செலவா என்று விட்டுவிடுகிறவர்களும் இருப்பார்கள். பட்டா என்கிற சின்ன லொறி வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கம் வெறுமையாகப் போகும் நாளில் ஒரு கட்டிலையோ நாற்காலியையோ ஏற்றிக்கொண்டு போனால் அதுவே பெரிய நன்கொடை. போனும் பின்னேரத்தில்தான் எடுபடுகிறது, காலையில் அடித்துக் களைக்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கு. மெத்தைக்கும் அந்தத் தம்பியின் பொறுமைக்கும் நான்கு, மற்ற ஒன்று பிரேக் பிடித்த பிறகு. எடுத்தவர்கள் வேலை முடிந்ததும் வீட்டில் போட்டு வைக்காமல் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள், பம்பின் குழாயை மடிக்காமல் சுற்றுங்கள், மடித்தால் வெடித்துவிடும், அதற்கும் தனியாக ஸ்பெயார் கிடையாது.