சேர்வராயன் மலையும் காவிரிக் கரையும்: காரில் பத்தாண்டு சுற்றிய அனுபவம்

2014ஆம் ஆண்டு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றில், சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டுக்கு இதுவரை எழுபது முறைக்கும் மேல் ஏறி இறங்கியிருக்கிறேன். வெளியூரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில்தான் விழும். வருகிறவர்கள் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பக்கோடா பாயிண்ட் ஆகிய காட்சிமுனைகள், படகு இல்லம் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். நானும் முதல் சில ஆண்டுகள் அந்தப் பட்டியலை வரிசையாகக் காட்டி முடிப்பதையே பயணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. இந்த மலையில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் சாலையில்தான் இருக்கிறது என்பதும், இடங்களுக்காக அவசரப்படுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள் என்பதும் என் கருத்து.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்லும் ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். பாதி மலையில் கண்ணாடியை இறக்கிவிட்டால் அந்த மாற்றத்தைத் தோலில் உணரலாம். ஏறும்போது ஏசியை அணைத்துவிடுவது என் வழக்கம். சிறிய இன்ஜினுக்கு அதனால் கிடைக்கும் தெம்பு வளைவுகளில் நன்றாகவே தெரிகிறது. சமதளச் சாலையில் லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுக்கும் என் வண்டி, ஏற்றத்தில் பத்தைத் தாண்டியதில்லை. அது வண்டியின் குறை அன்று, மலையின் இயல்பு.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஓட்டுநரின் பக்குவத்தைச் சோதிக்கும். 2016இல் மாமனார் வீட்டார் நால்வரையும் அவர்களது பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரில், பிரேக்கை விடாமல் மிதித்தபடியே இறங்கினேன். பத்தாவது வளைவைத் தாண்டியபோது எதுவோ கருகும் வாடை வந்தது. மிதித்த பெடல் வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. ஓரங்கட்டி அரைமணி நேரம் நின்றோம். மாமனார் ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஆனால் அதன்பின் சேலம் வரும்வரை மேலே உள்ள கைப்பிடியை விடவுமில்லை. மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டியபோது அவர் சிரித்தார். "பிரேக்கைக் குறை சொல்லாதீங்க சார். எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கணும்" என்றார்.

பிரேக் ஆயில் நாளாக ஆகக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும் டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்து ஆவி உண்டானால், மிதிக்கும் விசை அந்த ஆவியை அமுக்குவதிலேயே வீணாகும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி வருகிறேன். இரண்டாம் கியரிலேயே இறங்குகிறேன். அந்த வாடை மறுபடியும் வரவில்லை. குறுகலான இடங்களில் மேலே ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வார இறுதிகளில் அதை மறந்துவிட்டு நடு வளைவில் முகத்துக்கு முகம் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை வளர்ந்திருக்கிறது.

சனி, ஞாயிறு என இரண்டு நாள் பயணமாகப் போனால், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருப்பது நல்லது. ஒன்பதைத் தாண்டிவிட்டால் ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிக் காலை போய்விடும். அப்படிக் காலையிலேயே ஏறிவிட்டால் நான் முதலில் செல்வது மலையின் கிழக்கு விளிம்பிலுள்ள பக்கோடா பாயிண்ட்டுக்கு. கற்களைக் கூம்புகளாக அடுக்கி வைத்திருக்கும் அந்த இடத்தில் நின்றால், கீழே சமவெளியில் மூட்டம் கலைவதைக் காணலாம். லேடீஸ் சீட்டை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சேலம் நகரமும், அதன் ஓரத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும் மேக்னசைட் என்ற வெண்கனிமச் சுரங்கப் பகுதியும், விளக்குகள் ஏற்றப்படும் வேளையில்தான் எடுப்பாக இருக்கும். படகு இல்லத்தையும் பூங்காக்களையும் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. குழந்தைகள் இருந்தால் போகலாம். கிளியூர் அருவிக்கு ஏரியின் உபரிநீர்தான் வருகிறது. ஆகையால் மழைக்காலம் முடிந்த கையோடு போகாவிட்டால் படிகளில் இறங்கி ஏறிய கால்வலி மட்டுமே மிஞ்சும்.

நான் மனமாரப் பரிந்துரைப்பது ஏற்காட்டைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டைத்தான். நாகலூர், செம்மநத்தம் போன்ற சிற்றூர்களை ஒட்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் இச்சாலையை அவசரமாகவும் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வதே முறை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்து வைத்தார். இன்றும் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அடியில் காப்பிச் செடிகள் நிற்கும் அந்த அடுக்கமைப்பைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் கோடைமழை ஒன்று பெய்து ஒன்பது பத்து நாள் கழித்துப் போக வாய்த்தால், செடிகள் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணம் வண்டிக்குள்ளேயே வரும். அந்தப் பூ மூன்று நான்கு நாளுக்குமேல் நிற்காது. பத்தாண்டுகளில் இரண்டு முறைதான் எனக்கு அது வாய்த்தது. டிசம்பர், ஜனவரியில் போனால் பழம் பறிப்பதையும், களங்களில் காப்பிக்கொட்டை காய்வதையும் காணலாம். காட்டெருமைகள் சில நேரம் சாலையைக் கடக்கும். அப்போது ஹாரன் அடிக்காமல், இறங்காமல், விளக்கைத் தணித்து வண்டிக்குள் காத்திருக்க வேண்டும்.

நண்பகலில் சேர்வராயன் கோயிலுக்குச் செல்வேன். 5,326 அடி உயரத்தில், மரமற்ற பரந்த திடலின் ஓரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். இம்மலையின் மலையாளி பழங்குடி மக்களுக்கு இதுவே தலைமைத் தெய்வம். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது, அவர்கள் பேசுவது தமிழ். மே மாதத் திருவிழாவின்போது இங்கே வண்டியில் வர முயல வேண்டாம், நடந்து வாருங்கள். இந்தக் குகையின் வழி காவிரி வரை போகிறது என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். என் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் காவிரியை நோக்கி அமைந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

மாலையில் குப்பனூர் வழியாக இறங்குவது எனக்குப் பிடிக்கும். அடிவாரச் சாலையைவிட நெரிசல் குறைவு. கோடை விழா நாட்களில் மட்டும் ஒருவழிப் போக்குவரத்துக்காக வண்டிகளை இவ்வழியே இறக்கிவிடுவதால் கூட்டம் இருக்கும். இருட்டிய பிறகும், பனிமூட்டத்திலும் முதன்முறையாக ஓட்டுகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நலம்.

ஞாயிறன்று வண்டி மேற்கே திரும்பும். முதலில் தாரமங்கலம். இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் எடுத்த கைலாசநாதர் கோயிலில் கல்லிலேயே வடித்த சங்கிலி வளையங்களும், வாலியை மறைந்திருந்து இராமன் எய்யும் சிற்பமும் உள்ளன. இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலியின் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான். உடன் வந்தவர்களை ஒவ்வொரு முறையும் இரண்டு தூண்களிடமும் நிற்க வைத்துச் சரிபார்க்கச் சொல்வேன்.

அங்கிருந்து 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டிப் பதினாறு கண் மதகில் தண்ணீர் திறக்கப்படும் நாட்களில் ஊரே திரண்டுவிடும். எனக்கோ நீர் வற்றிய காலத்து மேட்டூரும் பிடிக்கும். அப்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அணை கட்டும்போது காலி செய்யப்பட்ட ஊர்களின் மிச்சம் அவை. அணையருகே பொரித்த மீன் சாப்பிடாமல் எங்கள் வீட்டில் யாரும் வண்டியில் ஏறமாட்டார்கள்.

கடைசியாகப் பூலாம்பட்டி. காவிரி இங்கே கதவணையால் தேங்கி, அகன்று, அசைவில்லாமல் நிற்கிறது. எதிர்க்கரையிலுள்ள நெருஞ்சிப்பேட்டைக்குப் பயணிகளையும் இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் விசைப்படகில், காரைக் கரையிலேயே விட்டுவிட்டு ஒருமுறை போய்வருவோம். சுற்றுலாவுக்காக விடப்பட்ட படகு அன்று. அன்றாட வேலைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும், இடம் விட்டுக் கொடுக்கவும் வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு திரும்பி வந்து, எடப்பாடியின் விசைத்தறிச் சத்தத்தைக் கடந்து, சங்ககிரியில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் எட்டு மணிக்குள் சேலம் வந்து சேரலாம். இரண்டு நாளுக்கும் சேர்த்து மீட்டரில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஏறியிருக்கும்.