இணைப்பு அளவுருக்களின் விளக்கம்: நிரலுக்குள்ளா, தனிப் பக்கத்திலா?

மின்னஞ்சல் அனுப்பும் லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு) ஒன்றைப் பராமரிப்பவர், அதன் இணைப்பு அளவுருக்களை, அதாவது சர்வருடன் இணையத் தரவேண்டிய போர்ட், கடவுச்சொல் போன்ற அமைப்புகளை, ஒவ்வொன்றாக நிரலிலேயே குறிப்பெழுதி வைத்து, அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு கருவியைக் கொண்டு ஆவணப் பக்கத்தை உருவாக்கலாம்; அல்லது எல்லாவற்றையும் தனிக் கோப்பில் கையால் எழுதலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் முதல் முறையைத் தேர்ந்தவன் என்பதால், இந்த அலசல் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

தனிப் பக்கம் படிக்க இதமானது. எடுத்துக்காட்டுகளை விருப்பம்போல் வரிசைப்படுத்தலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் அதைத் திருத்தலாம். இவற்றில் வாதத்துக்கு இடமில்லை. என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு, அதிலும் குறிப்பாக இயல்பு மதிப்புகளின், அதாவது பயனர் எதையும் குறிப்பிடாதபோது லைப்ரரி தானே எடுத்துக்கொள்ளும் மதிப்புகளின், பராமரிப்பு. பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றின் விளக்கம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும். போர்ட்டும் (சர்வரில் இணையும் வாயிலின் எண்) குறியாக்கமும் அப்படியல்ல. 587ஆம் போர்ட்டில் சாதாரணமாக இணைந்து, பிறகு ஸ்டார்ட்-டி.எல்.எஸ். கட்டளையால் குறியாக்கத்துக்கு மாறும் வழி பரவலாக இருந்த நிலையில், 2018இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம், தொடக்கம் முதலே டி.எல்.எஸ். குறியாக்கம் இயங்கும் 465ஆம் போர்ட்டுக்கு முன்னுரிமை அளித்தது. இத்தகைய பரிந்துரையை ஏற்று இயல்பு மதிப்பை மாற்றுபவர் நிரலில் ஓரிரு வரிகளைத்தான் தொடுவார். குறிப்பு அதற்கு நேர் மேலே இருந்தால் அவர் கண்ணில் படும், மறுபார்வையிடுபவரும் அதைக் கேட்பார். வேறு கோப்பில் இருந்தால் பழைய எண்ணே பக்கத்தில் நிலைத்துவிடும், அதை நம்பியவர் இணைப்பு ஏன் அறுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஆனால் கருவி எடுத்துத் தருவதை அப்படியே வெளியிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. பைத்தான் மொழியின் மின்னஞ்சல் லைப்ரரியான எஸ்.எம்.டி.பி.லிப்பில் போர்ட்டின் இயல்பு மதிப்பு 0 என்றுதான் இருக்கிறது; அதன் பொருள் 25ஆம் போர்ட் என்பதும், டி.எல்.எஸ். இணைப்புக்கான வகுப்பில் அதே 0 என்பது 465ஐக் குறிக்கும் என்பதும் அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. அதை மனிதர்தான் எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான மின்னஞ்சல் லைப்ரரியான நோட்மெயிலரின் ‘செக்யூர்’ அளவுரு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அதை ‘பொய்’ என்று வைத்தால் குறியாக்கமே இல்லை என்று புதியவர் எண்ணுவது இயல்பு. உண்மையில், சர்வர் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். வசதியை அறிவித்தால் இணைப்பு குறியாக்கத்துக்கு மாறிவிடும். கட்டாயம் மாறியே தீர வேண்டுமென்றால் அதற்கு ‘ரிக்வயர்-டி.எல்.எஸ்.’ என்ற வேறொரு அளவுரு உண்டு. ஆகவே ‘உண்மை அல்லது பொய்’ என்று வகையை மட்டும் குறிப்பது ஏறக்குறைய ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

டைம்அவுட்டுக்கு (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்புக்கு) அலகு அவசியம், அவ்வளவுதான்: பைத்தானில் 10 என்றால் பத்து விநாடி, நோட்மெயிலரில் பத்து மில்லிவிநாடி.

ஒரே லைப்ரரியைப் பல நிரல்மொழிகளில் வெளியிடும் பெரிய குழுக்களில் நான் பணியாற்றியதில்லை. அங்கே ஒரே விளக்கத்தை ஒவ்வொரு மொழியின் நிரலிலும் திரும்ப எழுத நேரும் என்பதால், தனிப் பக்கமே வசதியாக இருக்கக்கூடும். என் ஏற்பாட்டிலும் ஒரு சிறிய தனிப் பக்கம் எஞ்சியிருக்கிறது. எந்த ஓர் அளவுருவுக்கும் அடியில் அடங்காதவற்றை அங்கே வைத்திருக்கிறேன்: 465, 587 இரண்டுக்குமான முழு அமைப்பு, மேலும் இணைப்பு விவரங்களை ஒரே யு.ஆர்.எல். ஆகக் கொடுப்பவர் கடவுச்சொல்லில் உள்ள @ குறியை %40 என்று மாற்றி எழுத வேண்டும் என்ற எச்சரிக்கை. இயல்பு மதிப்பு எதையும் அந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை.