மழைக்கால விடியலில் லாங் எக்ஸ்போஷர்: தனுஷ்கோடியா, கன்னியாகுமரியா?

மதுரையில் இருந்துகொண்டு கடல் விடியலை எடுப்பது என்றாலே ராத்திரிப் பயணம்தான். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கேமராக்காரர்களிடம் ஒரே பேச்சு: சனிக்கிழமை ராத்திரி மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமேஸ்வரம் போவதா, கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டித் தெற்கே போவதா? தனுஷ்கோடி ஏறக்குறைய 190 கிலோமீட்டர், கன்னியாகுமரி 245. பெரும்பாலும் தூரத்தையும் பெட்ரோலையும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது பாறையை. ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷரில் அசைவதெல்லாம் கரைந்துபோகும், அசையாதது மட்டும் நிற்கும். எந்த ஊரில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதே முடிவாகும்.

தனுஷ்கோடியின் பெரிய பலம் அதன் திசை. நிலம் ஒரு ஒடுக்கமான மணல் திட்டாகத் தென்கிழக்கே நீள்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் சாதுவான பெண் கடல்தான் பொங்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். டிசம்பர்ச் சூரியன் எழுவதும் திட்டின் நுனியான அரிச்சல்முனைக்குச் சற்று இடப்பக்கம், அதாவது அந்தப் பெண் கடலின் மேலேயேதான். கொந்தளிக்கும் கடலும் சூரியனும் ஒரே பக்கம் வாய்ப்பது இந்தப் பருவத்தில்தான். தென்மேற்குப் பருவத்தில் ஆண் கடல் பொங்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

ஆனால் அங்கே பாறை கிடையாது. சாலையைக் காக்கக் கொட்டிய கற்களை விட்டால் மணல்தான். ஆழம் குறைந்த கடல் என்பதால் புயல் நாளில் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிடும். அதை அரை நொடியில் எடுத்தால் சேறு கலைந்த மாதிரிதான் தெரியும். ஆகவே தனுஷ்கோடியில் நான் கடலை விட்டுவிட்டு வானத்தை எடுக்கச் சொல்வேன். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி 1000 ஃபில்டரை லென்ஸ் முன் போட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்தால், வடகிழக்கிலிருந்து ஓடி வரும் மேகம் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இழுபடும். கீழே கடல் மூட்டமாக அடங்கிவிடும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊரின் பவளக்கல் தேவாலயச் சுவர்கள் அந்த வானத்தின் கீழ் அசையாமல் நிற்கும்போது, படத்துக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அங்கே இரண்டு தொல்லைகள். வழக்கமாக ஆறு மணி வாக்கில்தான் சோதனைச்சாவடியில் வண்டியை விடுகிறார்கள். டிசம்பரில் சூரியன் ஆறே காலை ஒட்டி எழுந்துவிடுவதால், விடியுமுன் வரும் நீல வெளிச்சம் கையை விட்டுப் போய்விடும். இன்னொன்று மணல். அலை வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் ட்ரைபாட் காலடியில் மணலை அரித்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கால் இறங்கிக்கொண்டே இருக்கும், அறுபது நொடிப் படத்தில் தொடுவானம் இரட்டையாகிவிடும். கால்களை ஆட்டி ஆட்டி ஆழமாக ஊன்றி, இரண்டு மூன்று அலை வந்து போகும்வரை காத்திருந்து, பிறகு ஷட்டரை அமுக்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. அலைக்கரையில் காற்றை மறைக்க எதுவும் கிடையாது.

கன்னியாகுமரி இதற்கு நேர் எதிர். கரையோரமே பாறை. ஆண்டு முழுக்க அலை ஓயாத கடல். கூட்டம் நிச்சயம் உண்டு. ஓடியாடும் கூட்டத்தை நீண்ட ஷட்டர் அழித்துவிடும், சூரியனுக்காக அசையாமல் நிற்கும் கூட்டத்தை அழிக்காது. விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் எல்லாம் சட்டகத்துக்குள் வந்து நிற்க அடம்பிடிக்கும். அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கரைப்பாறையைப் பார்க்க வேண்டும். அலை மோதும் கணத்தில் அமுக்கினால் வெள்ளைக் குவியல்தான் கிடைக்கும். மோதி உடைந்து திரும்பி வழியத் தொடங்கும்போது ஒரு நொடி திறந்தால், பாறையின் ஒவ்வொரு வெடிப்பிலும் தண்ணீர் நூல் நூலாக இறங்குவது பதியும். கடலின் கோபம் படத்தில் தெரிவது அங்கேதான். அதே இடத்தில் ஒரு நிமிடம் திறந்தால் எல்லாம் பாலாகிவிடும், புயல் நாளில் போனதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

கணக்கும் எளிது. என்டிக்குப் பின்னால் வரும் எண்ணால் ஷட்டர் நேரத்தைப் பெருக்கினால் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்து, கருமேகம் மூடிய விடியலில் ஃபில்டர் இல்லாமல் கேமரா 1/15 நொடி காட்டுகிறது என்றால், என்டி 8 போட்டால் அரை நொடி, என்டி 64 போட்டால் நாலு நொடி, என்டி 1000 போட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல். வெளிச்சம் ஏறி 1/60 ஆகும்போது என்டி 64 ஒரு நொடிக்கு வந்துவிடும். ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என்டி 64 வாங்குங்கள், வண்டியைக் கன்னியாகுமரிக்கு விடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

உப்புச் சாரல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஃபில்டரில் விழுந்த துளியை உலர்ந்த துணியால் தேய்த்தால் எண்ணெய்ப் படலம்போலப் பரவும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்றும் அதன்மேல் பழைய திருச்சிலுவைக் கோயிலும் சேர்ந்து நல்ல முன்புலம் தரும். வழுக்கும், தனியாகப் போகாதீர்கள்.

இதைச் சொல்லும்போது கன்னியாகுமரிப் பாறைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை திடீரெனக் கரையேறும் கள்ளக்கடல் எழும். 2024 மே மாதம் அதே மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது அப்படித்தான். ஈரமாகத் தெரியும் பாறையில் ட்ரைபாடை வைக்கவே வைக்காதீர்கள். ஈரம் என்றால் அலை அங்கே ஏறியிருக்கிறது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கும்போது கடலைப் பார்க்க இன்னொருவர் கூட இருக்க வேண்டும்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் இரண்டு ஊரும் வேண்டாம். ராமேஸ்வரத்தில் மீன்பிடிக்கப் போக அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்தியிருப்பார்கள், தனுஷ்கோடிச் சாலையையும் அடைத்துவிடுவார்கள். தனுஷ்கோடிக்கு என்று ஒரு நாள் இருக்கிறதென்றால், அது கூண்டை இறக்கிச் சாலையைத் திறந்துவிட்டதற்கு மறுநாள். பெண் கடல் அப்போதும் அடங்கியிருக்காது, மேகம் கிழிந்து கிழிந்து ஓடும். அந்த ஒரு விடியலுக்கு மட்டும் கப்பலூர்ப் பக்கம் திரும்பாமல் மானாமதுரை வழியில் போங்கள், என்டி 1000-ஐ மறக்காமல் எடுத்துக்கொண்டு.